நாற்பத்தோராம் எண் கழுதை

மார்ச் 2, திங்கள்

இந்த டைரியைத் தொடங்க வைத்தவள் தாட்சாயிணி. ஏலத்துக்கு வரும் பொருள் ஒவ்வொன்றிலும் கீறல் எங்கே, விரிசல் எங்கே, ஒட்டு எங்கே என்று அளந்து நிலையறிக்கை எழுதுவது என் வேலை. அதே பொருளைப் பற்றி, வாங்க வருகிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்படி பட்டியல் புத்தகத்தில் எழுதுவது அவள் வேலை. இன்று காலை ஒரு பீங்கான் சாடிக்கு நான் எழுதியதை எடுத்துக்கொண்டு வந்தாள். ‘வாய் கோணல். செய்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். மூடி வேறு ஏதோ சாடியுடையது.’

“நம்பி, இது நிலையறிக்கையா, சம்பந்தி வீட்டுக் கடுதாசியா?”

“கோணல்னா கோணல்தானே?”

“கோணல்னு எழுதுங்க, வேணாம்னு சொல்லல. செஞ்சவர் அவசரத்துல இருந்தாரா, வயித்துவலியோட இருந்தாரான்னு உங்களுக்கு என்ன? கருத்து சொல்லணும்னா வேற நோட்டு வாங்கிக்குங்க லா.”

வாங்கவில்லை. புத்தாண்டுக்குக் கம்பெனி கொடுத்தது சும்மாதான் கிடந்தது. முதல் பக்கத்தில் படிவம் வேறு. பெயர்: அறிவுடைநம்பி. வயது: 27. ஊர்: நெய்வேலி. படிப்பு: இயந்திரவியல் டிப்ளமோ. முன்பு பார்த்த வேலை: அனல்மின் நிலையத்தில் நான்கு ஆண்டுகள், சுழலிகளின் அதிர்வு அளப்பது. இப்போது: சிங்கப்பூரில் ஓர் ஏல நிறுவனத்தின் கிடங்கு. ‘வாழ்வின் குறிக்கோள்’ என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதில் ‘ஏப்ரல் 9’ என்று எழுதினேன். என் வேலை அனுமதி அன்றோடு முடிகிறது. புதுப்பிக்கக் கிடங்கு மேலாளர் கோ கையெழுத்துப் போட வேண்டும். கேட்டால் “பார்க்கலாம்” என்கிறார். இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 5, வியாழன்

ஏல எண் 41 வந்து சேர்ந்தது. சீனச் சிற்பி ஷென் யூலான் செய்தது. வெண்கலம், உயரம் 112 செ.மீ., எடை 146 கிலோ. பெயர் ‘மழைக்கு முன்’. பொருள்: கழுதை.

கண் மூடியிருக்கிறது. மூன்று கால் தரையில், முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில். வயிறு ஊதிய பலூன். காதுகள் முதுகைத் தாண்டிப் போய் வாலோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. குளம்புகள் கவிழ்த்த டீக் கோப்பை மாதிரி. கணுக்கால் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். 146 கிலோவை இதன்மேல் நிறுத்த எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டான். ஆனாலும் நிற்கிறது. காந்தம் வைத்துப் பார்த்தேன், பிடித்தது. உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறது. கனவு காணும் கழுதையாம். கனவுக்குள் எஃகுக் கம்பி.

நெற்றியில் லேசாகத் தள்ளினால் தலையாட்டுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை, நான்கைந்து ஆட்டத்தில் அடங்கிவிடுகிறது. அது பரவாயில்லை. ஆனால் ஆடும்போது வயிற்றுக்குள் சத்தம். குடுகுடுவென்று ஏதோ உருண்டு, கடைசியில் ‘டக்’ என்று உட்காருகிறது.

சுழலியின் உறைமேல் கை வைத்து எந்தத் தாங்கி தேய்கிறது என்று சொன்னவன் நான். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று: சத்தம் வந்தால் கோளாறு. அச்சுக்குள் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இதைப் பதினெட்டு வருஷமாக ஒருவர் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தாராம். காது இல்லையா அவருக்கு?

மார்ச் 6, வெள்ளி

கழுதையின் அடிவயிற்றில் திருகு மூடி ஒன்று இருக்கிறது. மெழுகு பூசி மறைத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம். விற்கிறவர் எழுத்தில் சம்மதம் தராமல் எந்தப் பொருளையும் திறக்கக் கூடாது என்பது இங்கே விதி. விற்பவர் பெயர் சியா, வயது எண்பத்தொன்று. கடிதப் போக்குவரத்தெல்லாம் மகளோடுதான், லின் என்று பெயர். அவருக்கு மின்னஞ்சல் போட்டேன். ‘உள்ளே தளர்வான பொருள். திறந்து அகற்ற அனுமதி தேவை. இரண்டு நிமிட வேலை.’

மார்ச் 9, திங்கள்

பதில் இல்லை. இரண்டு நிமிட வேலைக்கு மூன்று நாள். பட்டியல் புத்தகம் நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. ‘உள்ளே கடகட’ என்று நான் எழுதினால் தாட்சா அதை ‘உலோகத்தின் உள்ளுயிர்’ என்று மாற்றிவிடுவாள்.

மார்ச் 10, செவ்வாய்

எடுத்துவிட்டேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். இரண்டு துளையில் கவ்வும் சாவி போட்டேன், மூடி அரைச் சுற்றில் இளகியது. வளையும் இடுக்கியை உள்ளே விட்டு ஐந்தாவது தடவையில் பிடித்தேன். கல். எலுமிச்சை அளவு, சாம்பல் நிறம், ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டை. ஆற்றில் கிடக்கிற சாதாரணக் கூழாங்கல். இதற்குப் பெயர் வார்ப்புத் தொழில்! எங்கள் பட்டறையில் இப்படி அச்சுக்குள் கல் விட்டவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மூடியை முறுக்கி மெழுகு பூசினேன். தள்ளிப் பார்த்தேன். தலையாட்டியது, சத்தம் இல்லை. ஒழுங்கான கழுதை.

அறிக்கை: ‘உட்புறத்தில் தளர்வான பாகங்கள் ஏதுமில்லை.’ முழு உண்மை.

மார்ச் 11, புதன்

கல்லைக் குப்பையில் போடப் போனவன் அறைக்குக் கொண்டுவந்தேன். இங்கே சாப்பாட்டு மேசை ஒரு கால் குட்டை. தட்டைப் பக்கம் மேலே வைத்துச் செருகினேன், அளவெடுத்த மாதிரி நின்றது. அறையில் என்னோடு இருப்பவர் கப்பல் பட்டறை பாக்கியநாதன் அண்ணன். “தம்பி, மூணு வருசத்துல இன்னைக்குத்தான் சாம்பார் தட்டுலயே நிக்குது” என்றார். ஒரு கலைப்பொருளால் இதுவரை நடந்த ஒரே நன்மை.

மார்ச் 14, சனி

பட்டியல் புத்தகம் வந்துவிட்டது. எண் 41க்குத் தாட்சா எழுதியிருப்பது: ‘தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே நிற்கும் இந்த விலங்கு தன் காதுகளைத் தானே கட்டிப்போட்டிருக்கிறது, வெளியே கேட்பதை மறுத்து, உள்ளே கேட்கிறது.’

“கழுதைக்கு உள்ள என்ன கேக்கும்? பசிதான் கேக்கும்” என்றேன்.

“உங்களுக்கு அது மட்டும்தான் கேக்குமா இருக்கும்.”

“காதைக் கட்டிக்கிட்டதுன்னு யார் சொன்னா? அந்தச் சிற்பி அம்மாவே சொன்னாங்களா?”

அவள் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் காதோரம் சொறிந்துகொண்டாள். யோசிக்கும்போது செய்கிற பழக்கம். “நியாயந்தான். கேட்டுட்டு எழுதியிருக்கணும். இப்பவே அவங்க பட்டறைக்கு மெயில் போடுறேன்” என்றாள். நான் சொன்னதை இந்தக் கட்டடத்தில் ஒருவர் நியாயம் என்றது இதுதான் முதல் தடவை. பொழுது வீணானது, அவளோடு குடித்த டீ நன்றாக இருந்தது.

மார்ச் 18, புதன்

எழுத ஒன்றும் இல்லை. கோ “பார்க்கலாம்” என்றார்.

மார்ச் 21, சனி

கழுதையை மேல்மாடிக் காட்சிக்கூடத்துக்கு ஏற்றினோம். கோவுக்கு வியர்த்தது, கழுதைக்குத் தூக்கம் கலையவில்லை. ஒரு விளக்கைச் சரியாக அதன் வயிற்றில் அடித்திருக்கிறார்கள். திருகு மூடி தெரிகிறதா என்று நான்கு பக்கமும் குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. கோ என்னைப் பார்த்து, “என்ன, கும்பிடுறியா?” என்றார்.

மார்ச் 25, புதன்

பார்வை நாள் இன்று தொடங்கியது. ஏலம் சனிக்கிழமை. மூன்று நாள் யார் வேண்டுமானாலும் வந்து பொருள்களைப் பார்க்கலாம். வருகிறவர்கள் இரண்டு வகை. முகவாயில் கை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர்கள், கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு விலையைப் படிப்பவர்கள்.

பதினோரு மணிக்கு ஒரு சீனக் கிழவர் மகளோடு வந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை, இடது காதில் ஒன்றுமில்லை, வலது காதில் மெஷின். மகள் லின். கிழவர்தான் சியா. தன் பொருளிடம் விடைபெற வந்திருக்கிறார் என்று தாட்சா கிசுகிசுத்தாள். பங்களாவை விட்டு அரசு அடுக்குமாடியில் இரண்டறை வீட்டுக்குப் போகிறாராம், தனியாக. அங்கே கழுதைக்கு இடமில்லை.

நேராகக் கழுதையிடம் போனார். கதவைத் தட்டுவதுபோல அதன் நெற்றியில் இரண்டு விரலால் தள்ளினார். தலையாட்டியது. அவர் தலையைச் சாய்த்து நின்றார். கழுதை அடங்கிய பிறகும் நின்றார்.

அப்புறம் சட்டைப்பையிலிருந்து பொட்டு அளவு பேட்டரி ஒன்றை எடுத்தார். காதுமெஷினைக் கழற்றி, பழையதைத் தட்டி, புதியதைப் போட்டு, காதில் செருகினார். எண்பத்தொரு வயது விரல், நடுங்கவே இல்லை. மறுபடி தள்ளினார். மறுபடி தலைசாய்ப்பு. மூன்றாவது தடவை தள்ளியபோது காதைக் கழுதையின் வயிற்றோடு ஒட்டி வைத்தார். காவலாளி “தொடாதீங்க ஸார்” என்று வந்தவன் இவர் யாரென்று தெரிந்து விலகினான்.

“என்னப்பா?” என்று மகள் கேட்டார்.

“ஒண்ணுமில்ல” என்றார்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தவரிடம் தாட்சா தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்து சொன்னாள். “தினம் காலையில எழுந்ததும் மெஷினை மாட்டிக்கிட்டு அந்தக் கழுதையைத்தான் தள்ளுவாராம் நம்பி. உள்ள ஏதோ உருண்டு டக்குன்னு நிக்குமாம். அந்த டக்கு கேட்டா பேட்டரி நல்லாருக்கு, காது நல்லாருக்கு. பதினெட்டு வருசமா அதான் அவருக்கு டெஸ்ட்டாம். இன்னைக்கு ஏதாவது கேட்டுச்சான்னு கேட்டேன். சிரிச்சிட்டு என் கையைத் தட்டிக் குடுத்தாரு.”

“நீங்க தள்ளிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நீங்கதான் தளர்வா எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. பாவம், எதையோ கற்பனை பண்ணிக்கிறாரு போல.”

காது பரிசோதிக்க ஆஸ்பத்திரி இருக்கிறது. கழுதையை வைத்துப் பரிசோதிப்பது அவர் முட்டாள்தனம். வார்ப்புக் கோளாறு ஒன்றுக்குப் பழகிப்போயிருக்கிறார், அவ்வளவுதான். கோளாறை நீக்கினேன். என் வேலை அது.

மதியம் சாப்பிடவில்லை. கடையில் கூட்டம்.

மார்ச் 26, வியாழன்

லின் தனியாக வந்தார், கோவோடு ஏதோ தாளில் கையெழுத்துப் போட. நான் அங்கே ஏணியை மடித்துக்கொண்டிருந்தேன். காது என்னுடையது நன்றாகவே கேட்கும்.

அப்பாவுக்கும் இவருக்கும் ஓர் ஒப்பந்தமாம். வாசல் மணியும் போன் மணியும் காதில் விழும்வரை அப்பா தனி வீட்டில் இருக்கலாம். விழாத அன்று முதியோர் இல்லம். “நேத்து கார்ல ஏறினதும் அவராவே சொன்னாரு. அந்த ரெண்டறை வீடு வேணாம், இல்லத்துக்குப் பேசிடு, எனக்கு நேரமாயிடுச்சுன்னு. ஆறு மாசமா சண்டை போட்டவரு. திங்கள்கிழமை சேத்துடுறேன்.” கோ தலையாட்டினார். அவர் தலையாட்டினால் உள்ளே எதுவும் உருளாது.

போகும்போது லின் என்னைப் பார்த்து, “நீங்கதான நம்பி? உங்க மெயில் இன்னைக்குத்தான் பாத்தேன், வேண்டாத மெயிலோட போய்க் கிடந்துச்சு. எதையோ திறக்கணும்னு கேட்டிருந்தீங்களே?” என்றார்.

“தேவைப்படல” என்றேன்.

நாலு மணிக்குத் தாட்சா தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். ஷென் யூலானின் பட்டறையிலிருந்து பதில். மூன்றே வரி. ‘காதைக் கட்டிக்கொள்ளவில்லை. தூக்கத்தில் புரண்டதில் முடிச்சு விழுந்துவிட்டது. ஆறு கழுதை செய்தேன், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆற்றில் நானே பொறுக்கிய ஒரு கல். தள்ளினால் அது கனவில் புரளும், புரளாவிட்டால் அது என் கழுதை இல்லை.’

தாட்சா எழுந்து மாடிக்குப் போனாள். கழுதையைத் தள்ளியிருப்பாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பென்சில் கையில் இருந்தது, சொறியவில்லை.

“நம்பி, கல்லு எங்க?”

“மேசைக் காலுக்கு அடியில.”

“எந்த மேசை?”

“சாப்பாட்டு மேசை.”

திட்டுவாள் என்று பார்த்தேன். “அந்தத் தாத்தா என்ன நெனச்சிட்டுப் போனாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். “நேத்தே தெரியுமா?” என்றாள். அவள் கேட்டது கேள்வி மாதிரி இல்லை.

மார்ச் 27, வெள்ளி

காலை ஏழரைக்கே வேலைக்குப் போய்விட்டேன். கிளம்புமுன் மேசைக்கடியிலிருந்து கல்லை உருவியபோது பாக்கியநாதன் அண்ணன், “டேய், சாம்பாரு!” என்று கத்தினார்.

கல்லைக் கழுவித் துடைத்தேன். மூடியைத் திறந்து உள்ளே விட்டேன், முறுக்கினேன், மெழுகு பூசினேன். தள்ளினேன். குடுகுடுகுடு, டக். பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது. மொத்தம் பதினொரு நிமிடம். பிரச்சினை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மண்டையில் ஏறியது. சரியானது கழுதை. சியா அல்ல. அவர் சிக்லாப் வட்டாரத்தில் ஒரு வீட்டில் தனக்குக் காது போய்விட்டது என்று உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் திருகு மூடி இல்லை.

அறிக்கைக்குப் பின்குறிப்பு எழுதினேன். ‘அடிவயிற்று மூடியை மார்ச் 10 அன்று அனுமதியின்றித் திறந்து, சிற்பியின் படைப்பில் அங்கமான கல்லை அகற்றியவன் நான். 27 அன்று திரும்ப வைத்தேன். இடைப்பட்ட பதினேழு நாளில் அதைத் தள்ளிப் பார்த்த எவருக்கும் சத்தம் கேட்டிருக்காது. குறை அவர்கள் காதில் இல்லை.’

தாட்சா படித்தாள். “கடைசி வரி கருத்தா?”

“அளவு.”

ஒரு எழுத்தும் மாற்றாமல் கோவின் மேசையில் வைத்தாள்.

கோ கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் மோசம். “கல்லு உள்ள போயாச்சுல்ல? எதுவும் குறையலல்ல? அப்ப எதுவும் நடக்கல. இந்தத் தாள் திங்கள்கிழமை வரைக்கும் என் டிராயர்ல இருக்கும். ஏலம் முடியிறவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்காத. திறந்தேன்னா ஒம்பதாம் தேதிக்கு முன்னாடியே உனக்கு டிக்கெட்.”

“திறக்கலன்னா?”

“திறக்கலன்னா கையெழுத்து.”

இரண்டு மாதமாக ‘பார்க்கலாம்’ சொன்னவர் இரண்டே விநாடியில் பார்த்துவிட்டார்.

மதிய இடைவேளையில் பஸ் பிடித்துச் சிக்லாப் போனேன். முகவரி கழுதையின் ஒப்படைப்புச் சீட்டில் இருந்தது. மணி அடித்தேன். கம்பிக் கதவுக்குள் நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கிழவர் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆறு தடவை அடித்தேன். பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டது. கடைசியில் கையை ஆட்டினேன், பார்த்துவிட்டுத் திறந்தார். வலது காதிலும் ஒன்றுமில்லை. மெஷின் எங்கே என்று சைகையில் கேட்டேன். மேசை இழுப்பறையைக் காட்டினார். “அது எதுக்கு இனிமே?” என்றார், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில். இரண்டு நாள் முன்புவரை அதே மெஷினோடு மணியும் போனும் கேட்டுக்கொண்டிருந்தவர்.

இந்த டைரியிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ‘கல்லை எடுத்தது நான். புதன்கிழமை கழுதைக்குள் கல் இல்லை. உங்கள் காது சரியாக இருக்கிறது.’

கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். மடித்தார். என் தோளைத் தட்டினார். “லின் அனுப்பினாளா? அவளுக்கு மனசு கேக்கல. ஆறு மாசம் சண்டை போட்டவ, நான் சரின்னதும் அழறா.” ஒரு துண்டு பப்பாளியை என் கையில் வைத்தார். “உனக்கு நல்ல மனசு, தம்பி.”

என்னை இதுவரை பல பேர் திட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் திட்டியதில்லை.

நான் பொய் சொல்லவில்லை என்று எழுதினேன். சிரித்தார். நான் மடையன் என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார். ஐந்து வருஷமாக எல்லோரிடமும் நறுக்கென்று உண்மை பேசிக் கெட்ட பேர் வாங்கியவன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நம்ப வேண்டிய ஆளிடம் சொன்னால் கருணை என்கிறார். இழுப்பறையிலிருந்து மெஷினை எடுத்து நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டார், முகமும் மாறியது. ஒரு தடவை கேட்காமல் போனதே போதும், இன்னொரு தடவை முடியாது என்று அந்த முகத்துக்கு அர்த்தம்.

கடைசியாக எழுதியது: ‘நாளை ஏலத்துக்கு வருவீர்களா?’

“லின் கூட்டிட்டுப் போறா. யார் வாங்குறாங்கன்னு பாக்கணும்ல.”

‘மெஷினைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். போட்டுக்கொள்ள வேண்டாம். பையில் மட்டும்.’

யோசித்தார். “பைக்குள்ள இருந்தா கனமா இருக்காது” என்றார்.

மார்ச் 28, சனி

உடனே எழுதிவிடுகிறேன். நாளைக்கு என்றால் சரிக்கட்டி எழுதிவிடுவேன்.

ஏலத்தில் என் வேலை பொம்மை வேலை. வெள்ளைக் கையுறை போட்டுப் பொருளை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூக்கைச் சொறியக் கூடாது. எண் 40, ஒரு மலை ஓவியம், போனது. சக்கரப் பலகையில் கழுதையைத் தள்ளிக்கொண்டு போனேன். மெத்தை வைத்து இறுக்கியிருந்ததால் வழியில் சத்தமில்லை. மேடையில் மெத்தையை எடுத்தேன். கோ கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து. தாட்சா தொலைபேசி மேசையில், போனிலேயே ஏலம் கேட்கும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரருக்காக ரிசீவரைப் பிடித்தபடி. சியா இரண்டாம் வரிசை ஓரம். வலது காது காலி.

ஏலம் கூறுபவர் ஆரம்பித்தார். “நாற்பத்தொன்று. ஷென் யூலான். கனவின் விளிம்பில் நிற்கும்…”

நெற்றியில் இரண்டு விரலால் தள்ளினேன்.

குடுகுடுகுடு… டக்.

கூடம் முழுக்கக் கேட்டது. கம்பளம் விரித்த கூடம், நூறு பேர், ஒருவர்கூட இருமவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். ஏலம் கூறுபவர் பாதி வாக்கியத்தில் நின்றார். சியா மட்டும் தலையாட்டும் கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொலைக்காட்சியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதுபோல.

லின்னுக்குக் கேட்டுவிட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையுறை போட்ட விரலால் என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

“பொருளில் ஏதாவது பிரச்சினையா?” என்று ஏலம் கூறுபவர் என்னிடம் கேட்டார். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. கோ சுவரை விட்டு நிமிர்ந்து தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டினார்.

“பொருளில் பிரச்சினை இல்லை” என்றேன். “உள்ளே ஒரு கல் இருக்கிறது. இருக்க வேண்டிய கல். கோளாறு என்று நினைத்து நான் திறந்து எடுத்துவிட்டேன். நேற்றுக் காலைதான் திருப்பி வைத்தேன். புதன்கிழமை பார்க்க வந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. இது உங்கள் அறிக்கையில் இல்லை. என் மேலாளரின் இழுப்பறையில் இருக்கிறது.”

கடைசி வாக்கியம் தேவையில்லாததுதான். வந்துவிட்டது.

கசமுசவென்று பேச்சு. அதற்கு நடுவே லின் அப்பாவின் சட்டைப்பைக்குள் கை விட்டார். கிழவர் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். மகள் அவர் காதருகே எதுவும் கத்தவில்லை, சும்மா பார்த்தார். கிழவர் தானே மெஷினை எடுத்தார். காதில் செருகும்போது கீய்ய் என்று அது விசிலடித்தது, கூடமே திரும்பியது. பிறகு என்னை நோக்கி முகவாயை ஒருமுறை உயர்த்தினார். ம், தள்ளு.

கையுறை பெரிய அளவு, இழுத்து மாட்டிக்கொண்டேன். தள்ளினேன்.

குடுகுடுகுடு.

உருளும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது முடிந்து ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, கல் தட்டைப் பக்கத்துக்குப் புரள்கிற நேரம். கால் விநாடிகூட இருக்காது. இவ்வளவு நீளம் என்று நான் அளந்ததில்லை.

டக்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு!” என்றார் சியா, கூடம் அதிர. ஆங்கிலத்தில் சொன்னார், எனக்கும் சேர்த்துத்தான் போல. பிறகு இன்னும் சத்தமாக மகளிடம், “அந்த இல்லத்துக்குப் போன் போடு. நான் வரலேன்னு சொல்லு.”

“அப்பா, மெதுவா.”

“ஏன் மெதுவா? எனக்குக் காது கேக்குதே!”

சிரிப்பு அடங்க நேரமானது. ஏலம் கூறுபவர் விற்பவர் பக்கம் பார்த்து நிறுத்தட்டுமா என்றார். சியா கையை வீசி நடத்து என்றார். ஏலம் கேட்டவர்கள் பலர், அந்தச் சத்தத்துக்காகவே கை தூக்கியவர்கள் அதிகம். கடைசியில் தாட்சாவின் தொலைபேசிக்காரர் வாங்கினார். முதல் தடவை கேட்டதும் “அதென்ன சத்தம்” என்றாராம். கழுதை தூக்கத்தில் புரள்கிறது என்று சொன்னாளாம். இதையெல்லாம் சொல்லி விற்கிறார்கள். இந்தத் தடவை அது நிலையறிக்கைக்கு ஒத்தே இருந்தது.

வெளியே போகும்போது சியா என்னருகே நின்றார். “தம்பி, நேத்து நீ மடையன்னு எழுதினியே, அது உண்மைதான்” என்றார். நிம்மதியாக இருந்தது.

கோ ஒரே ஒரு வரி சொன்னார். “திங்கள், பத்து மணி, என் அறை. பாஸ்போர்ட் எடுத்துட்டு வா.”

மார்ச் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன், இன்னும் எதையும் வைக்கவில்லை. நாளை நானும் வருகிறேன் என்று தாட்சா செய்தி அனுப்பியிருக்கிறாள். அவள் வந்து என்ன ஆகப்போகிறது? எட்டே முக்காலுக்குக் கடையில் டீ குடிக்கலாம் என்று பதில் போட்டேன்.

மேசை பழையபடி ஆடுகிறது. இதை எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு டக். பாக்கியநாதன் அண்ணன் அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார், “வைக்கட்டுமாடா?” என்று.

வேண்டாம் என்றேன். ஆடட்டும்.